இடது பின்கதவுக்குச் சுடலை சொன்ன பதில்

மூன்றாவது கோடு விழுந்த அன்று நான் அழவில்லை. காரின் இடது பின்கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கோட்டின் மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் உள்ளே இறங்கியது. வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் சாம்பல் பூச்சு தெரிந்தது. நகம் இறங்காத கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். இறங்கினால் கதவு முழுவதையும் மறுபடி பூச வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை பூசியாயிற்று. இன்னொரு முறை பூச எனக்கு வழியில்லை. சுடலைமாடசாமி எனக்குச் செய்ததைச் சொல்வதென்றால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் கோயில் கொடை விழாவுக்கு வருகிறவர்களில் பலருக்கு என்னைத் தெரியும். என் பெயர் வடிவு. ஆட்டோமொபைல் படித்துவிட்டு, சென்னையில் ஒரு கார் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்தேன். வேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதன்பின் திருநெல்வேலிக்கே வந்துவிட்டேன். சேர்த்ததையெல்லாம் போட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய வெளிநாட்டுக் கார் வாங்கினேன். வெள்ளை நிறம். கல்யாணங்களுக்கு, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவது. ஓட்டுவதும் நான்தான். அப்பாவின் மருந்தும் பயிற்சியும் அந்தக் காரை நம்பித்தான் நடக்கின்றன.

டவுனில் எங்கள் தெருவுக்குள் அந்தக் கார் நுழையாது. அதனால் கட்டணப் பார்க்கிங்கில்தான் நிறுத்த வேண்டும். அப்படிப்பட்ட காரைப் பொது இடத்தில் நிறுத்துவதற்கு நான் சில விதிகள் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்.

ஓரத்துக் கட்டம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. ஒரு பக்கம் சுவர் என்றால் ஒரு பக்கத்துக் கவலை மட்டும் போதும்.

பக்கத்து வண்டியின் கதவு விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால், அவர்கள் கதவை எதிலாவது இடித்துத் திறக்கிறவர்கள். விலகிவிட வேண்டும்.

பின்பக்கமாக உள்ளே போய், முன்பக்கமாக வெளியே வர வேண்டும். கிளம்பும்போது எல்லோருக்கும் அவசரம் இருக்கும். அவசரத்தில் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது.

பைக் நுழைகிற அளவு சந்து விடக் கூடாது. புளிய மரத்தடி, காக்கை உட்காரும் கம்பி, இரண்டுமே வேண்டாம். கண்ணாடிகளை மடித்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தேன். ஒரு கதவுகூட என் கார்மேல் இடித்ததில்லை. ஆனால் கோடு விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் இடது பின்கதவில், ஏறக்குறைய ஒரே உயரத்தில். பார்க்கிங்கின் கேமராவில் வாசல் மட்டும்தான் தெரியும்.

அதே பார்க்கிங்கில்தான் சங்கரபாண்டி அண்ணாச்சியும் தன் கருப்புக் காரை நிறுத்துவார். அவருக்கும் கல்யாண வாடகைதான் தொழில். நான் வரும்வரை டவுனில் பெரிய கார் என்றால் அவருடையது ஒன்றுதான். இரண்டாவது கோடு விழுந்தபோது அவரே வந்து, எல்லோரும் கேட்கும்படி எனக்குப் புத்தி சொன்னார்.

"ஏ பிள்ள, பொம்பளப் பிள்ள கையில பெரிய வண்டியக் குடுத்தா தூணும் சொவரும் சும்மாவா இருக்கும்? பைய ஓட்டிப் பழகு. மொதல்ல ஒரு ஸ்கூட்டர் வாங்கி ஓட்டேன்."

நின்றவர்கள் சிரித்தார்கள். டோக்கன் கொடுக்கும் செல்லம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு ஊருக்குள் பரவியது. மூன்றாவது கோடு விழுந்த வாரம், பாளையங்கோட்டை மாப்பிள்ளை வீட்டார் கார் பார்க்க வந்தார்கள். கோட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் இடிச்சியளாமே. மாப்பிள்ளைய ஏத்திட்டு எங்கனயாவது கொண்டு சாத்திட்டா நாங்க என்னம்மா செய்ய?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமா. நேராகப் போய்க் கருப்புக் காரைப் பேசினார்கள். ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக வர இருந்தன. அவை என் கையைவிட்டுப் போனால் காரை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்பாவுக்குப் பேச்சு சரியாக வராது. தெளிவாக வரும் சொற்களில் ஒன்று "வண்டி". நான் வீட்டுக்குள் நுழைந்ததும் "வண்டி?" என்று கேட்பார். அன்றும் கேட்டார்.

"நல்லா இருக்குப்பா" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை வந்தது வருத்தம். கோபம் வேறு. அது வந்தபின் தலை தெளிவாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை, சீவலப்பேரி போகும் வழியில் ஆற்றங்கரையில் இருக்கும் நம் சுடலை பீடத்துக்குப் போனேன். கூட்டம் இல்லை. அங்கே பூசாரியாக இருக்கும் என் பெரியப்பா பூசை முடித்துத் திருநீறு கொடுத்தார். பீடத்தின் முன்னால் உட்கார்ந்து மூன்று காரியம் கேட்டேன். இதைச் செய்தது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். என் கதவில் விழுந்த கோடு அவர் கதவில் விழ வேண்டும். எந்த இடத்தில் என் பெயர் கெட்டதோ அதே இடத்தில் அவர் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். கை கால் எதையும் நான் கேட்கவில்லை. அப்பா படுத்திருக்கும் வீட்டிலிருந்து வந்து இன்னொருவர் கை காலைக் கேட்க மனம் வரவில்லை. நடந்தால் என் உயரத்துக்கு ஓர் இரும்பு அரிவாள் செய்து நடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

முதல் பதில் அங்கேயே கிடைத்தது.

கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. ஏன் இடது பின்கதவு? பொறாமையில் கீறுகிறவன் கைக்கு எட்டிய இடத்தில் கீறுவான். பானெட்டில் கீறினால் இன்னும் வலிக்கும். மாப்பிள்ளை இறங்குவது இடது பின்கதவு வழியாக. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்பது அந்தக் கதவுக்கு எதிரே. போட்டோவில், வீடியோவில் விழுவது அந்தக் கதவு. அது கல்யாணக் கார் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அந்தப் பார்க்கிங்கில் கல்யாணக் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான்.

இதை யோசிக்க எதற்குச் சாமி என்று சிலர் கேட்டார்கள். வாரக்கணக்காக அந்தக் கதவின் முன் உட்கார்ந்தும் எனக்குத் தோன்றவில்லை. பீடத்தின் முன் உட்கார்ந்ததும் தோன்றியது. எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை காலை, பார்க்கிங்கில் எல்லோரும் வண்டி எடுக்கும் நேரமாகப் பார்த்து அண்ணாச்சியிடம் போனேன். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணாச்சி, என் வண்டியக் கீறுனது நீங்கதான்னு நினைக்கேன். இல்லைன்னா சத்தியம் பண்ணுங்க."

அவர் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "கேட்டியளா வே! தான் போயித் தூணுல ஒரசிட்டு வந்து எம்மேல பழியப் போடுதா. சத்தியம்தான? எங்கன வேணும்னாலும் பண்ணுதேன்."

"எங்க சுடலை முன்னால. சூடத்த அடிச்சு அணைக்கணும்."

"சுடலைக்கு இப்பம் கார் கீறல் பாக்கதுதான் சோலியாக்கும்?"

அப்போது செல்லம்மா அக்கா டோக்கன் கட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். "சோலி இருக்கோ இல்லியோ, நீங்க வருதேன்னு சொல்லிட்டியளே அண்ணாச்சி. நாங்க அத்தன பேரும் கேட்டோம். நானும் வாரேன், பாத்துருவோம்."

அத்தனை பேர் முன்னால் அவரால் பின்வாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

அன்று நான் அக்காவை ஏற்றிக்கொண்டு முன்னதாகவே போய்விட்டேன். பீடத்துக்கு எதிரே கார் நிற்க நல்ல இடம் ஒன்றே ஒன்று உண்டு. திறந்த ஓரம். அங்கே பின்பக்கமாக விட்டு, முகம் சாலையைப் பார்க்க நிறுத்தினேன். மிச்சம் இருந்தது புளிய மரத்துக்கும், நேர்ச்சையாக நட்ட அரிவாள்கள் வரிசைக்கும் நடுவில் ஒரு சந்து. அண்ணாச்சி வந்து பார்த்தார். அதற்குள் முகப்பை நுழைத்து நிறுத்தினார். அரிவாள்கள் அவருக்கு இடது பக்கம். அவரை அங்கே நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. வேறு இடம் இல்லாமல் செய்தது நான்தான் என்பதை மறைக்கவும் இல்லை.

பெரியப்பா வெற்றிலையில் சூடம் வைத்து ஏற்றினார். "அண்ணாச்சி, மனசுல ஏதும் இருந்தா இப்பமே சொல்லிருங்க. அணைச்ச பொறவு எங்கையில ஒண்ணும் இல்ல."

"சூடம் சுடும். அவ்வளவுதான வே?" என்றார் அண்ணாச்சி. "இந்தப் பிள்ள வண்டிய நான் தொடல." உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். தீ அணைந்தது. புகை வந்தது. கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார். "போதுமா? இனி ஊருக்குள்ள எம்பேரச் சொன்னே, நடக்கதே வேற."

விறுவிறுவென்று வெளியே போனார். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் வாழ்வில் அதைவிட மோசமான நிமிடம் இல்லை. நான் பீடத்தைப் பார்த்துக் கோபப்பட்டேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. மனதுக்குள், நீயும் அவர் பக்கம்தானா, உன் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டுப் போகிறார், பார்த்துக்கொண்டு நிற்கிறாயே என்று கேட்டேன்.

கேட்டு முடிக்கவில்லை. வெளியே அந்த ஓசை கேட்டது.

இரும்பு தகட்டைக் கிழிக்கும் ஓசை எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் கேட்டிருக்கிறேன். ஆனால் அவ்வளவு நீளமாகக் கேட்டதில்லை. ஓடினோம். ஆத்திரத்தில் ரிவர்ஸ் எடுத்தவர் ஸ்டியரிங்கை முன்னதாகவே ஒடித்துவிட்டார். அப்படி ஒடித்தால் வண்டியின் பக்கவாட்டுதான் உரசும். வரிசையின் கடைசியில் நின்ற பெரிய அரிவாளின் முனை, கருப்புக் காரின் இடது பின்கதவை ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை இழுத்திருந்தது. கருப்புப் பெயிண்டில் கோடு சாக்பீஸால் போட்டதுபோல் வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் போய் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். இறங்கியது.

அண்ணாச்சி இறங்கி வந்து கதவைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார். சூடம் அடித்த கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியதை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஆனால் முழுவதும் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

பீடத்தைப் பார்த்துத் தலைக்குமேல் கும்பிட்டார். "சாமி, நாந்தான். ஸ்குரு திருப்புளிய வச்சுக் கீறுனேன். மூணு தடவையும் நாந்தான். பிள்ளைகுட்டிக்காரன், இத்தோட விட்டுரு."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி வடிவு, மனுசன் ஒத்துக்கிட்டாரு. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு பெரியப்பா" என்றேன். "இங்க நாலு பேருக்குத்தான் கேட்டுச்சு. எம்பேரு கெட்டது பார்க்கிங்ல."

மறுநாள் காலை அவரே வந்தார். எல்லோரும் வண்டி எடுக்கும் அதே நேரம். வாசலில் நின்று, முதலில் மெதுவாகச் சொன்னார். பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்றேன். மறுபடி உரக்கச் சொன்னார். "அந்தப் பிள்ள எங்கயும் இடிக்கல. கீறுனது நான்." யாரும் சிரிக்கவில்லை. செல்லம்மா அக்காதான், "அண்ணாச்சி, டோக்கன் தரட்டுமா, சூடம் தரட்டுமா?" என்றார். அதன்பின் பார்க்கிங் முழுவதும் சிரித்தது.

நான் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "சரி" என்றேன். இன்றுவரை அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்.

என் கதவைப் பூசிக் கொடுக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். பேட்டையில் ஒரு பட்டறையில் நானே கூட நின்று பூசவைத்தேன். கோடு விழுந்த கருப்புக் கார் வேண்டாம் என்று பாளையங்கோட்டைக்காரர்கள் என்னிடமே திரும்பி வந்தார்கள். அந்தத் தாய்மாமாவை முன்சீட்டில், என் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். அன்று வீட்டுக்குப் போனதும் அப்பா "வண்டி?" என்றார். "நல்லா இருக்குப்பா" என்றேன். அது உண்மை.

இப்போது நான் மாறியிருக்கிறேன். விதிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சேர்ந்திருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் ஸ்டியரிங்கில் கை வைத்து, "சுடலை, பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். முன்பெல்லாம் கல்யாண மண்டபத்தில் இலை முன் உட்கார்ந்தாலும் மனம் காரைச் சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது பாயசம்வரை நிதானமாகச் சாப்பிடுகிறேன். கோடு விழவில்லை.

கேளுங்கள். உங்களுக்கு அநியாயம் செய்தவர் யார் என்று தெரியாவிட்டாலும் வந்து கேளுங்கள். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக, அளவாகச் சொல்லிக் கேளுங்கள். நம் சாமி கணக்கை முடித்துத் தருகிற சாமி. நான் கேட்டதற்கு மேலும் தரவில்லை, குறைவாகவும் தரவில்லை.

நேர்ந்த அரிவாளை நானே வரைந்து கொடுத்துச் செய்தேன். அந்த வரிசையின் கடைசியில், முனை கார் நிறுத்தும் பக்கம் பார்க்கும்படி நட்டிருக்கிறேன். பெரியப்பா திருப்பி வைக்கச் சொன்னார். மறுத்துவிட்டேன். கொடைக்குக் காரில் வருகிறவர்கள் பயப்பட வேண்டாம். மனதில் ஒன்றும் இல்லாதவர்களை அது தொடாது. திறந்த ஓரத்தை உங்களுக்கு விட்டுவிட்டு, நான் இப்போது அந்த அரிவாளை ஒட்டித்தான் நிறுத்துகிறேன்.