டிவியில் பேசாத உலகம்மாள்

உலகம்மாளின் முகம் தெரியாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. அவள் குரல் தெரிந்த வீடு என்று பார்த்தால் தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவள் அம்மா பிச்சம்மாளின் வீடு. பதினெட்டு வருஷம் தொலைக்காட்சித் தொடர்களில் அழுதும் சிரித்தும் அடுத்தவள் குடியைக் கெடுத்தும் சம்பாதித்த பெயர் இவ்வளவுதான்.

தொடர் உலகத்தில் நடிப்பவள் ஒருத்தி, பேசுபவள் இன்னொருத்தி. பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வருகிற பெண்கள் வாயை அசைத்துவிட்டுப் போவார்கள், குரலை டப்பிங் கூடத்தில் யாராவது கொடுப்பார்கள். பாவம், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தென்காசிக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து, தமிழிலேயே சண்டை போட்டுத் தமிழிலேயே சமாதானமான உலகம்மாளுக்கும் அதே வரிசையில் ஒரு குரல்காரியை வைத்தார்களே, அந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவள் நடிக்க வந்ததே தற்செயல். குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். சீசன் முடிந்து அறைகள் காலியாகக் கிடந்த நாளில் சென்னையிலிருந்து ஒரு தொடர் யூனிட் வந்து இறங்கியது. கதாநாயகிக்குத் தோழியாக வர வேண்டிய பெண் முதல் நாளே அருவியில் ஆசை தீர நனைந்து காய்ச்சலில் படுத்துவிட்டாள். சாவி வாங்க வந்த இயக்குநர் உலகம்மாளை நிமிர்ந்து பார்த்தார். அன்று மத்தியானமே அவள் முகத்தில் பவுடர் ஏறியது. அழச் சொன்னார்கள். கிளிசரின் பாட்டிலைத் திறப்பதற்குள் அழுதுவிட்டாள். "முகம் நல்லாப் பேசுது. வாயை மட்டும் அசைக்கச் சொல்லுங்க, பேச்சு வேற ஊர்ல இருக்கு" என்றார் இயக்குநர். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். அது தன்னைப் பற்றிய தீர்ப்பு என்று அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

சென்னைக்குப் போனாள். உலகம்மாள் என்ற பெயர் போஸ்டருக்குத் தாங்காது என்று வர்ஷிதா ஆக்கினார்கள். அங்கே முதல் தொடரின் முதல் நாள், மாமியாரைப் பார்த்து ஒரு நீளமான வசனம். ஊரில் எப்படிப் பேசுவாளோ அப்படியே ஏற்ற இறக்கத்தோடு பேசினாள். கேமராக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்தார், லைட் பிடித்தவர்கள் அவள் பேசியதையே திருப்பிச் சொல்லிக் கூத்தடித்தார்கள். மேக்கப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள், இந்த நாக்கைத் திருத்தாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள். ஆத்திரத்தில் எடுத்த முடிவு. அவள் வாழ்க்கையின் பெரிய தப்பும் அதுதான்.

செட்டில் வசனத்தை எடுத்துக்கொடுக்கிறவர் எப்படி உச்சரிக்கிறார் என்று கவனித்தாள். செய்தி வாசிப்பவர்களோடு கூடவே முணுமுணுத்தாள். டீக்கடையில்கூட யோசித்து யோசித்துப் பேசினாள். இரண்டு வருஷத்தில் ஊர் வாசனை துளியும் இல்லாமல் பேசக் கற்றுக்கொண்டு தயாரிப்பாளரிடம் போய், "சார், இனிமே நானே டப்பிங் பேசுறேன்" என்று கேட்டாள். "உங்க முகத்துக்கு அந்தக் குரல் செட் ஆயிடுச்சும்மா. மாத்தினா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க" என்று அவர் முடித்துவிட்டார். ஆக, தன் பேச்சைத் துறந்தது யாருக்கும் பிரயோஜனப்படவில்லை.

வருஷங்கள் ஓடின. தங்கையாக நடித்தாள், இளைய மருமகளாக நடித்தாள், மூத்த மருமகளாகி விஷமும் வைத்தாள். திரையில் அவளுக்கு நடந்த கல்யாணங்களுக்குக் கணக்கில்லை, நிஜத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டால் கால்ஷீட் இல்லை என்பாள். ஜவுளிக்கடையில் பெண்கள் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள், இவள் ரெண்டு வார்த்தை பேசியதும் முகம் மாறிப்போய், "என்ன மேடம், தொண்டை கட்டியிருக்கா? டிவில வாய்ஸ் சூப்பரா இருக்குமே" என்பார்கள். முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, ஆமாம் சளி என்று சொல்லிவிட்டு நகரப் பழகினாள்.

போன மே மாதம் சுபாஷ் என்ற இளம் இயக்குநர் போன் செய்தான். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் ஒரு பெண்ணின் கதை. முழுக்க அந்த ஊர்ப் பேச்சு. டப்பிங்கே கிடையாது, ஸ்பாட்டில் பேசுவதை அப்படியே பதிவு செய்யப் போகிறார்கள்.

"மேடம், நீங்க தென்காசிப் பக்கம்னு சொன்னாங்க. உங்களை விட்டா இதுக்கு ஆள் கிடையாது. ஆனா நீங்களேதான் பேசணும். சும்மா ஒரு டெஸ்ட், சேனலுக்குக் காட்டறதுக்கு."

போனை வைத்துவிட்டு உலகம்மாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்த அழுகை எந்த இயக்குநரும் கேட்டு வந்ததில்லை. நாற்பது வயதுக்கு மேல், இனி அம்மா வேஷம்தான் என்று ஆன பிறகு, அவள் முகத்தோடு அவள் குரலும் வரப்போகிறது. இந்த ஒன்று கிடைத்துவிட்டால் போதும், இத்தனை வருஷம் ஊமையாக இருந்ததற்கு வட்டியும் முதலுமாகத் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

டெஸ்ட் குற்றாலத்தில். அதற்கு ஒரு வாரம் முன்பே பொதிகை ரயிலில் ஏறி மேலகரம் வந்து சேர்ந்தாள். வீட்டில் இருந்தால் நாக்கு தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்பது அவள் கணக்கு.

வாசலில் பிச்சம்மாள், பாவூர்சத்திரம் சந்தைக்கு டெம்போ ஓட்டும் மகன் இசக்கிதுரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "ஏலே, அந்தச் சாக்க அங்கன போடாதன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? இங்கன கொண்டா, சவத்து மூதி!"

கேட்கக் கேட்க உலகம்மாளுக்குக் குளிர்ந்தது. இதைத்தானே தேடி வந்தாள். அதற்குள் பிச்சம்மாள் திரும்பி மகளைப் பார்த்தாள். சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முகம் மாறியது, குரலும் மாறியது.

"வாடா கண்ணா. எப்படிடா இருக்கே? ரொம்ப இளைச்சுட்டியே. உள்ளே வா, அம்மா காபி போட்டுத் தர்றேன்."

வருஷத்துக்கு ஒரு நாள் தலைகாட்டிவிட்டு ஓடுகிற உலகம்மாள் இதுவரை இதைக் கவனித்ததில்லை, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிச்சம்மாள் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். கத்திரிக்காய்க்காரரிடம், "என்னவே இது, வாடிப்போயில்லா கெடக்கு? மனுசன் திம்பானா இத?" என்று மல்லுக்கு நிற்பவள், மகள் பக்கம் திரும்பினால், "உனக்குப் பிடிச்ச எண்ணெய்க் கத்திரிக்காய் செய்யட்டுமாடா செல்லம்?" என்பாள். உலகம்மாள் கொல்லைப்புறத்தில் நின்று டெஸ்டுக்கான வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சொற்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அனுமதி கேட்டுக்கொண்டு வந்தது.

இசக்கிதுரை டெம்போவைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவன். "யக்கா, தப்பா நினைக்காத. நீ பேசுததக் கேட்டா, நம்மூர் ஆள மேடையில வச்சு நக்கல் பண்ணுத மாரில்லா இருக்கு" என்றான்.

உலகம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டெஸ்டுக்கு முந்தின நாள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இசக்கிகிட்ட பேசுற மாதிரி எங்கிட்டயும் பேசும்மா. ஏன் என்கிட்ட மட்டும் இப்படி?" என்று கேட்டாள்.

"நீதானேடா கண்ணா அப்படிப் பேசாதேன்னு சொன்னே" என்றாள் பிச்சம்மாள். குறையாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான்.

ஆமாம், சொல்லியிருக்கிறாள். வர்ஷிதாவான புதிதில், மேக்கப் அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தபோது, "ஏட்டி உலகு, தின்னியாட்டி?" என்று அம்மா கூப்பிட்டதும் அறையே சிரித்தது. வெளியே வந்து திரும்ப அழைத்து, "இனிமே அப்படிக் கூப்பிடாத. அசிங்கமா இருக்கு. நாலு பேர் மாதிரி மரியாதையாப் பேசிப் பழகு" என்று கத்தினாள். கத்தியவள் அடுத்த ஷாட்டிலேயே அதை மறந்துபோனாள். கேட்டவள் மறக்கவில்லை.

"அப்புறம் தினமும் உன் நாடகத்தைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். அதுல உனக்கு அம்மாவா ஒருத்தி வந்தாளே, அவ உங்கிட்ட எப்படிப் பேசுறாளோ அப்படியே சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன்." பிச்சம்மாள் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள், "இப்போ சரியாத்தானே பேசுறேன்?"

அந்தத் திரை அம்மா ஹைதராபாத்துக்காரி, அவளுக்கும் இரவல் குரல்தான் என்று உலகம்மாள் எப்படிச் சொல்வாள்? "ரொம்ப நல்லாப் பேசுறம்மா" என்றாள். பிச்சம்மாளின் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டாள்.

டெஸ்ட் ஒரு லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. வெளியே சாரல் தொடங்கியிருந்தது. குடித்துவிட்டு வந்து தகராறு செய்யும் விருந்தாளியை லாட்ஜ்காரி விரட்டுகிற காட்சி. உலகம்மாள் கண்ணில் கோபம் ஏறிய விதத்தைப் பார்த்து உதவியாளர்கள் கைதட்டவே போனார்கள். அவள் வாயைத் திறந்ததும் தட்ட வந்த கைகள் நின்றன. சுபாஷ் ஹெட்போனை ஒரு காதிலிருந்து எடுத்தான்.

"மேடம், இன்னொரு தடவை. சும்மா வீட்ல பேசற மாதிரி."

மறுபடி பேசினாள். வீட்டில் பேசுகிற மாதிரி என்றால் எந்த வீட்டில் என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றாவது தடவை வசனத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

அன்று கடையத்திலிருந்து ஒரு பெண்ணும் வந்திருந்தாள். நடிப்பு சுமார்தான், கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தாளோ இல்லையோ, லாட்ஜ் சமையல்காரர்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஏளனம் இல்லை, தங்கள் வீட்டுப் பிள்ளை பேசக் கேட்ட சந்தோஷம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தானும் இப்படித்தான் பேசியிருப்போம் என்று உலகம்மாள் நினைத்துக்கொண்டாள். தன்னைக் கேட்டவர்கள்தான் வேறு ஆட்கள்.

சுபாஷ் நல்ல பையன். காபி வரவழைத்து, எதிரே உட்கார்ந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். "மேடம், இன்னொரு கேரக்டர் இருக்கு. சென்னையிலேருந்து வர்ற நாத்தனார். ஊரைப் பிடிக்காதவ. உங்க வாய்ஸ் அதுக்கு அப்படியே பொருந்தும். உங்க சொந்தக் குரல்லயே பேசலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள். ஆட்டோ பிடித்து மேலகரத்துக்குத் திரும்பினாள். ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார், அடையாளம் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குள் வந்ததும் பிச்சம்மாள் ஆவலாகக் கேட்டாள். "என்னடா கண்ணா, வேலை கிடைச்சுதா?"

"இல்லம்மா. எனக்கு நம்மூர்ப் பேச்சு வரலையாம்" என்று சொல்லும்போதே உடைந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். கேமராவுக்கு அழுகிறவர்கள் முகத்தை மூட மாட்டார்கள்.

பிச்சம்மாள் பதறிப்போய் ஓடிவந்தாள். மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "ஏட்டி! அழாதட்டி, எம் மவளே. போறான் நாசமாப் போறவன். அவனுக்கென்ன தெரியும்? அழாதட்டி உலகு..."

உலகம்மாளின் அழுகை அப்படியே நின்றது. இன்னும் சொல்லமாட்டாளா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மகள் அசையாமல் இருப்பதைப் பிச்சம்மாள் கவனித்தாள். அணைத்த கையை எடுத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதடா கண்ணா" என்றாள். "அம்மாவுக்கு வாய் தவறிடுச்சு."