நான் இரண்டு முறை கை தூக்கிய கூட்டம்

எழுபதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்து ரத்தோட்டை வாசிகசாலைச் சங்கத்துக்கு நான் செயலாளர். வயது இருபத்தொன்று. பதவி கிடைத்ததிலிருந்து கால் தரையில் படவில்லை. தலைவர் வடக்கிலிருந்து வந்த நில அளவையாளர். அவருடைய மனைவி வடக்கில் தன் ஊரிலேயே ஆசிரியையாக இருந்தார். பள்ளி விடுமுறைக்கு மட்டும் வந்துபோவார்.

தலைவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. ரிவர்ஸ்டன் பக்கத் தோட்டங்களிலிருந்து மாத்தளைக்குப் படிக்கப்போகப் பிள்ளைகளுக்கு பஸ் கிடையாது. கந்தோர் கந்தோராக ஏறியிறங்கி அவர்தான் ஒன்றைக் கொண்டுவந்தார். நாங்கள் அப்போது மேலே தோட்டத்தில் இருந்தோம். அந்த பஸ்ஸில் போய்த்தான் நான் உயர்தரம் படித்தேன். இனக்கலவர நாட்களில் தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து ஓடிவந்த ஆறு குடும்பங்களை வாசிகசாலைக்குள் தங்கவைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டவரும் அவரே. அதன்பிறகு அவருடைய படத்தை உள்ளே மாட்டினோம்.

ஒரு சனிக்கிழமை அக்காவின் குழந்தையைப் பார்த்துவிட்டு மலையிலிருந்து அதே பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். நல்ல மூடுபனி. ஒரு வளைவில், ஒரே குடைக்குள் நின்ற இரண்டு பேர் கைகாட்டினார்கள். ஒருவர் தலைவர். மற்றவர் எங்கள் தபால் கந்தோரில் வேலைபார்த்த, கணவனை இழந்த பெண். அவர்கள் போன வாடகைக் கார் நடுவழியில் நின்றுவிட்டதாம்.

பஸ்ஸே எழுந்து நின்றது. “தலைவரய்யா, இங்க உக்காருங்க!” “ஐயா, இங்க வாங்க!”

கண்டக்டர் வேலைக்குப் புதிது. காசை வாங்க மறுத்துவிட்டார். “ஐயா போராடி வாங்கித் தந்த பஸ்ஸுல்ல இது? ஐயாகிட்டயும் அம்மாகிட்டயும் காசு வாங்குவேனா?”

“நான் அம்மா இல்ல,” என்றாள் அந்தப் பெண்.

சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. தலைவர் ஜன்னலுக்கு வெளியே, ஒன்றுமே தெரியாத பனியை உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். பொழுது சாய்வதற்குள் கதை கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்த மாதம் கூட்டம் போட்டோம். படத்தைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? தலைவர் ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். பொருளாளராக இருந்த கராம்பு வியாபாரி, நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், தலைமை வகித்தார். ஒருவர் பஸ்ஸைச் சொன்னால் இன்னொருவர் குடையைச் சொன்னார். “பொம்பளப் புள்ளைங்க வந்து படிக்கிற எடத்துல இந்தப் படமா?” என்றார் ஒருவர். “அந்தப் புள்ளைங்களப் படிக்க வச்சதே அவருதானே!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குறிப்பெழுதிக்கொண்டிருந்த நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

அந்த நேரத்தில்தான் தலைவரின் மனைவி உள்ளே வந்தார். விடுமுறை தொடங்கியதை யாரும் நினைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை.

“அவர் எனக்குச் செய்தது சரியான பெரிய பிழை. அதுக்குத் தீர்ப்புச் சொல்ல நீங்கள் ஆர்? அதை நான் பார்த்துக்கொள்ளுறன். உங்களுக்கு அவர் என்ன செய்தவர் எண்டதை மட்டும் நீங்கள் பாருங்கோ.”

படத்தை ஒருமுறை பார்த்தார். “படம் எடுக்கேக்கையாவது தலையை ஒழுங்கா வாரி இழுத்திருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். நானா மேசையைத் தட்டி வாக்கெடுப்புக்கு விட்டார். வைத்திருக்கலாம் என்றபோது நான் கை தூக்கினேன். கழற்றலாம் என்றபோதும் தூக்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு முறையும் கை தானாகவே மேலே போனது.

“மகள், ரெண்டு பக்கமும் கை தூக்கேலாது,” என்றார் நானா.

“ரெண்டு பக்கமும் சரியாத்தானே இருக்கு நானா!”

என் வாக்கை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அது இல்லாமலேயே படம் தப்பியது. நானாவைத் தலைவராக்கினோம். பழைய தலைவர் அந்த வருடமே இடமாற்றம் வாங்கி மனைவியின் ஊருக்குப் போனார். அங்கே அவரை எப்படி வரவேற்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. தபால் கந்தோர்ப் பெண் மட்டும் புத்தகம் எடுக்க வருவதை நிறுத்திவிட்டாள். அன்று கை தூக்கியதற்கு நான் வெட்கப்படவில்லை. அவள் பெயரைக் கடைத்தெருவில் இழுத்ததற்குத்தான் வெட்கப்பட்டேன். அவள் கேட்டுவைத்திருந்த புத்தகத்தைத் தபால் கந்தோருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, அட்டையைத் துடைத்து, மேசைக்குள் வைத்துக்கொண்டாள்.