தெலுங்குக் கையெழுத்து

மூன்றாம் வகுப்பு வந்தும் எனக்குப் படிக்க வராது என்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. மற்ற பிள்ளைகள் சேர்ந்து படிக்கும்போது வாயை மட்டும் அசைத்தே இரண்டு வகுப்புகளைத் தாண்டியிருந்தேன். அந்த வருடம் வந்த டீச்சர்தான் அதற்கு வேட்டு வைத்தார். தினம் ஒரு பக்கத்தை வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் பெற்றோர் முன்னால் வாசிப்பு நாள். அன்று திணறுகிறவர்கள் இனிமேல் தமிழ்ப் பாடத்துக்கு இரண்டாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். இரண்டாம் வகுப்பில்தான் என் தம்பி இருந்தான்.

ஆனாலும் நான் பயப்படவில்லை. அம்மாவும் நைனாவும் நகரிப் பக்கம் தெலுங்கில் படித்தவர்கள். பேச்சுத் தமிழ் இருவருக்கும் தண்ணீர் பட்ட பாடு; எழுத்துதான் தெரியாது. மலைக்கோயிலுக்கு ஆட்டோ ஓட்டிவிட்டு நைனா வந்ததும், புத்தகத்தை விரித்து எதிரில் உட்காருவேன். படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததை வாசிப்பேன். விரலை மட்டும் வரி வரியாக நகர்த்தத் தவறியதில்லை. அவர் சாப்பிட்டபடியே "ஆங்... ஆங்..." என்று கேட்டுவிட்டுத் தெலுங்கில் கையெழுத்துப் போடுவார். டீச்சர் அதை ஒன்றும் சொல்லவில்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் திருத்தணியில் அது ஒரு விஷயமே இல்லை.

ஒருநாள் டீச்சர் முந்தின நாள் பக்கத்தையே மறுபடி வாசித்து வரச் சொன்னார். அங்கேதான் மாட்டினேன். முதல் நாள் அந்தப் பக்கத்துக் கிளி பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போயிருந்தது. அதை மறந்து, மறுநாள் நான் கிளிக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து அத்தை வூட்டுக்குப் போன கிளி இன்னிக்குக் கல்யாணம் பண்ணிக்கினு கீது?" என்றார் நைனா. "ஒரே நாள்ல புஸ்தகத்த மாத்தி அச்சடிச்சிட்டாங்களா?"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. மறுநாள் ஒரு நோட்டு வாங்கிவந்தார். நான் வாசிப்பதை ஒரு வார்த்தை விடாமல் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டார். காலையில் அம்மா அந்த நோட்டோடு உட்காருவாள். நான் என் புத்தகத்தோடு அதே பக்கத்தை மறுபடி வாசிக்க வேண்டும். ஒரு வார்த்தை பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாத இரண்டு பேர் என்னை இப்படி மடக்குவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

முதலில் என் பொய்யையே மனப்பாடம் செய்து பார்த்தேன். அதைவிடப் படித்துத் தொலைப்பது சுலபம் என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் இன்டர்வெல் நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை நச்சரித்து எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தரை முழுக்கச் சாக்பீஸால் எழுதிப் பார்த்தேன். அம்மா கூட்டும்போது என் எழுத்துகளைச் சுற்றிக்கொண்டு கூட்டினாள்.

வாசிப்பு நாளன்று நைனா காக்கிச் சட்டையோடு வந்து, பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது நாங்கள் இன்னும் தொடாத பாடம். முதல் வரியில் இரண்டு இடத்தில் தடுக்கினேன். பிறகு எங்கேயும் நிற்கவில்லை. கடைசி வரியை முடித்ததும் வகுப்பே கைதட்டியது. நைனா எழுந்து நின்று தட்டினார்.

"வீட்ல யாருங்க சொல்லித் தர்றது?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாதுங்க டீச்சர். அதுவா படிச்சிக்கிச்சு" என்றார்.

திரும்பும்போது ஆட்டோவை நேராக பஸ் ஸ்டாண்டுக்கு விட்டார். "படிம்மா" என்று பஸ்களின் போர்டைக் காட்டினார். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு என்று ஊரே கேட்கக் கத்தினேன். "எம் பொண்ணு படிக்கறத கேட்டியாடா?" என்று அங்கிருந்த ஆட்டோக்காரர்களில் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அத்தனை சந்தோஷமாக அதற்கு முன்னால் நான் இருந்ததில்லை.

அன்று சாயங்காலம் அவர் கேட்காமலேயே அடுத்த பாடத்தை எடுத்துவந்து தங்குதடையில்லாமல் வாசித்தேன். ஓர் அணில் மரம் ஏறியது, பழம் தின்றது. பாடம் முடிந்துவிட்டது.

"அதுக்கப்புறம் அணில் எங்க போச்சு? அத்தை வூட்டுக்கா?" என்றார் நைனா.

"எங்கயும் போவல. புஸ்தகத்துல அவ்ளோதான் போட்டுகீது நைனா" என்றேன் பெருமையாக.

"ஆங்" என்று கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் புத்தகத்தைத் தராமல் அந்த அணிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.