சாரா பீவியின் இடது கை

வலது கை வீசுவது கோழிகளுக்குக் கம்பு. இடது கை வீசுவது மயிலுக்கு வேர்க்கடலை. இரண்டும் ஒரே சமயத்தில் எதிரெதிர்ப் பக்கம் போய் விழும். கடலை கிடக்கும் இடத்துக்கு ஒரு கோழி ஓடி வந்துவிட்டால் மயில் தின்னாமல் ஒதுங்கி நிற்கும். "கோழிக்கு வயிறு பெரிசு. இவருக்கு மரியாதை பெரிசு" என்பார் காட்டூர் சாரா பீவி. மயிலை அவர் ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை.

ஒல்லி உடம்பு. முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு மஞ்சள் துண்டு, குஞ்சுகளின் காயத்துக்கு. முட்டையைக் காதருகே பிடித்து, உள்ளே குஞ்சின் சத்தம் கேட்டால், "இது பேசுது" என்பார். கேட்காவிட்டால் எதுவும் சொல்லாமல் குப்பையில் போடுவார்.

மயில் முட்டை பொரிய இருபத்தெட்டு நாள், கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள். ஆகவே அடைக்கோழியின் கீழ் மயில் முட்டைகளை முதலில் வைத்து, ஏழாம் நாள் கழிந்ததும் கோழி முட்டைகளைச் சேர்ப்பார். எல்லாம் ஒரே நாளில் ஓடு உடைக்கும். சுவரில் இழுத்த கரிக்கோடுதான் கணக்கு.

மூன்றாம் வருஷம் மயிலுக்குத் தோகை நீளும், குணமும் மாறும். அதனால் ஆனியிலேயே சேவல்களையும் மற்றக் கோழிகளையும் தனியே அடைத்துவிட்டார். கறுப்பியை மட்டும் அடைக்கவில்லை. இந்த மயிலைப் பொரித்துச் சிறகுக்குள் வைத்து வளர்த்த கோழியே அவள்தான். "அவகிட்ட இவரு வாலாட்ட மாட்டாரு, அண்ணே" என்றார், முட்டை வாங்கப் போகும் என்னிடம்.

அடுத்து வந்த ஆடி மாதம். நான் முட்டை வாங்கப் போயிருந்தேன். கறுப்பி அடைகாத்த முட்டைகள் பொரிய இரண்டே நாள் பாக்கி. கறுப்பி இரை தின்னக் கூடையை விட்டு இறங்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்தாள். மயில் அவள் முன்னால் தோகையை விரித்தது. அவள் கொத்தினாள். மயில் ஓர் எம்பு எம்பியது, அவ்வளவுதான். கால்முள் அவள் கழுத்தில் இறங்கிவிட்டது.

சாரா பீவி முறத்தோடு அப்படியே நின்றார்.

உள்ளேயிருந்து அவர் கணவர் அப்துல் ரஹீம் கத்தியோடு ஓடி வந்தார். "பிஸ்மில்லா சொல்லி அறுத்துடறேன், தள்ளு. உசிரு போயிட்டா மண்ணுக்குத்தான்."

"கத்திய உள்ள வைங்க."

"கறி வீணாப் போவுது, சாரா!"

"உங்களப் பெத்தவங்க கழுத்துலயும் வைப்பீங்களா?"

அவர் கத்தியைத் தாழ்த்தினார். கறுப்பியின் கால் இரண்டு முறை மண்ணைக் கீறிவிட்டு நின்றது.

"முட்டை ஆறுதே" என்றார் அப்துல் ரஹீம், மெல்ல.

சாரா பீவி கூடையருகே உட்கார்ந்தார். ஊரில் வேறு அடைக்கோழி தேடவேண்டும். அதுவரை சூடு போகக்கூடாது. கோழி முட்டை ஏழையும் ஒவ்வொன்றாக மடிக்குள் வைத்து முந்தானையைச் சுற்றினார். மிச்சம் நான்கு, இந்த மயிலோடு சேர்ந்த பெட்டைமயில் இட்ட முட்டைகள். ஒன்றை எடுத்தார், இடது கையில். எறியப்போகிறவர் போல் அந்தக் கை உயர்ந்தது.

இடது கை உயர்ந்தால் கடலை. மயில் கழுத்தை நீட்டிக்கொண்டு, தோகையை இழுத்தபடி நேரே அவரிடம் நடந்து வந்தது.

கை அப்படியே நின்றது. பிறகு இறங்கி, காதருகே போய்ச் சற்று நேரம் இருந்தது. அந்த முட்டையையும் மடிக்குள் வைத்துக்கொண்டார்.