பொட்டு வைத்த லேப்டாப்

விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்கு என் மனைவி மராத்தி படிக்கத் தொடங்குவதாக இருந்தது. சொல்லித்தரப் போவது புனேயில் இருக்கும் எங்கள் மருமகள். மாமியாரும் மருமகளும் என் காதில் போடாமலே பேசி முடித்து, நல்ல நேரமும் பார்த்து வைத்துவிட்டார்கள். எட்டே முக்காலுக்கு, மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் திறந்தால் இணையம் வரவில்லை.

என் மனைவி லேப்டாப்பைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அதற்குக் காரணம் உண்டு. மகன் மராத்திப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது வீட்டில் தாம்தூம் என்று குதித்தவன் நான். கல்யாணத்துக்குப் போனேன், அவ்வளவுதான். காலில் விழுந்த பெண்ணின் தலையில் அட்சதையைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பந்திக்கு நகர்ந்துவிட்டேன். ஒன்றரை வருஷமாக, மகன் போனில் “இருங்கப்பா, அவகிட்ட குடுக்கறேன்” என்றால் எனக்கு உடனே பாத்ரூம் வந்துவிடும்.

“நேத்து காலையில நல்லா இருந்துச்சு. பூஜைக்குத் தூக்கிட்டுப் போனது நீங்கதான்” என்றாள்.

“ஆயுத பூஜைக்கு வைக்கறது ஒரு தப்பா?”

“வைக்கறது தப்பில்ல. இன்னிக்குப் பார்த்து நின்னு போச்சுன்னா அந்தப் பொண்ணு என்ன நினைக்கும்? மாமனாருக்கு இன்னும் மனசு ஆறல, வேணும்னே கெடுத்துட்டாருன்னு நினைக்காது?”

அந்தப் பெண் நினைப்பது இருக்கட்டும், இவளே அப்படித்தான் நினைக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவள். எனக்குச் சுருக்கென்றது. நான் முன்கோபிதான், வீம்புக்காரன்தான். ஆனால் ஒரு மெஷினைக் கெடுக்கிற ஆள் இல்லை.

பொன்மலை ரயில்வே பட்டறையில் லேத் மெஷின் ஓட்டியவன் நான். ஆயுத பூஜைக்கு முன்னால் மெஷினை இண்டு இடுக்கு விடாமல் துடைப்போம். பிசுக்கு இருக்கிற இடத்தில் பொட்டு வைக்கக்கூடாது என்பது எங்கள் கணக்கு. ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு துடைக்க லேத் இல்லை. ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின், லேப்டாப் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொட மாட்டோம். அதனால்தான் கோளாறு விஜயதசமி காலையில் வெளிப்பட்டது.

ஹாலில் ரௌட்டரைப் பார்த்தேன். எல்லா விளக்கும் எரிந்தது. அணைத்து, முப்பது வரை எண்ணிவிட்டு, மறுபடி போட்டேன். என் போனில் இணையம் நன்றாகவே வந்தது. லேப்டாப்பையும் அணைத்துப் போட்டேன். வழக்கமாக மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீட்டு வைஃபை பெயர்கள் எல்லாம் அதில் வரிசையாக வரும். அன்று ஒன்றுகூட இல்லை. தூரம்தான் காரணம் என்று ரௌட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து லேப்டாப்பை ஒட்டி வைத்தேன்.

“பக்கத்துல வச்சா பேசிடுமா? கல்யாண மண்டபத்துல நீங்களும் அந்தப் பொண்ணுகிட்டதான் நின்னீங்க” என்றாள் மனைவி.

போனிலேயே படியேன் என்றேன். அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புது எழுத்தை அந்தச் சின்னத் திரையில் எப்படிப் பார்ப்பாள்? சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போகலாம் என்றால், பண்டிகை நாளில் யார் கடை திறப்பார்கள்? ஒன்பது மணி அடித்துவிட்டது. அந்தப் பெண் பத்து மணிக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

மனைவி மருமகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். பிறகு போனை என் கையில் திணித்தாள். “நீங்களே பேசுங்க.”

பாத்ரூம் பக்கம் பார்த்தேன். வழியில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“அப்பா, நான் சொல்றேன், நீங்க பாருங்க” என்றது போன். என் மகனிடம் கற்ற தமிழ், அச்சு அசல் திருச்சித் தமிழ். “லிஸ்ட்ல வேற வீட்டுப் பேர் ஏதாவது வருதுங்களா?”

“ஒண்ணும் வரலம்மா.”

“அப்போ ரௌட்டர் நல்லா இருக்கு. லேப்டாப்லதான் ஏதோ. முன்பக்கம் ஓரத்துல வைஃபைக்குன்னு சின்னதா ஒரு ஸ்விட்ச் இருக்கும். தடவிப் பாருங்க.”

தடவினேன். ஸ்விட்ச் தட்டுப்படவில்லை, காய்ந்த சந்தனம்தான் தட்டுப்பட்டது. முன் ஓரத்தில் வரிசையாக மூன்று பொட்டு வைத்திருந்தேன். நடுப்பொட்டை நகத்தால் சுரண்டினால், அடியில் உளுந்து அளவு ஒரு ஸ்விட்ச். நான் அழுத்தித் துடைத்ததில் அது ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது. அதன் மேலேயே சந்தனத்தை அப்பி இறுக்கியும் விட்டிருக்கிறேன். தள்ளினேன். அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் வந்தன. எங்கள் வீட்டுப் பெயரும் வந்தது.

ஒன்பது இருபதுக்குத் திரையில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. பழைய மெஷின், அப்படித்தான் மக்கர் பண்ணும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை.

“நான்தாம்மா துடைக்கறப்போ தள்ளிட்டேன். அது மேலயே பொட்டும் வச்சுட்டேன். சத்தியமா வேணும்னு பண்ணல.”

அவள் சிரித்தாள். “எங்க வீட்லயும் நேத்து பூஜைதான். எங்க அப்பா கீபோர்டு ஃபுல்லா குங்குமம் கொட்டிட்டார். பாதி பட்டன் அழுந்தவே இல்ல.”

என் மனைவியும் சிரித்தாள். அவள் முகத்திலிருந்த சந்தேகம் போய்விட்டது. நான் அப்போதே எழுந்து போயிருக்கலாம். அவளுக்கு நாற்காலியும் தேவைப்பட்டது. ஆனால் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

“இதை வேணும்னு பண்ணலம்மா. கல்யாணத்தன்னிக்கு உன்கிட்ட பேசாம நகர்ந்து போனேன்ல, அது வேணும்னேதான் பண்ணினேன். தப்பு.”

திரையில் முகம் அசையாமல் நின்றது. இணையம் மறுபடி போய்விட்டது என்று ஸ்விட்ச்சைத் தடவினேன்.

“போகலப்பா, இருக்கேன்” என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அம்மாவுக்கு இன்னொரு நாற்காலி போடுங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஆரம்பிக்கறேன்.”