பட்டி நாயின் வலது முன்கால்

ஏரியூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் நான் நர்சாக இருந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அறுபதுகளின் கடைசி. பிரசவம் பார்ப்பது, அம்மை குத்துவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. ஊருக்கு வெளியே, கடலைக்காடுகளுக்கு நடுவில், எனக்கென்று ஒரு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். யாருக்காவது வலி எடுத்தால் பாதி ஊர் என் வாசலில் நிற்கும். வலி தீர்ந்தால் ஒரு ஆள் எட்டிப் பார்க்காது. "நர்சம்மா வூட்டுப் பக்கம் போனா ஊசி போட்டுருவாங்க" என்று பிள்ளைகளை வேறு பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நானும் கொஞ்சம் முன்கோபி, வலியப் போய்ப் பேசுகிற ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக நடக்கிற தூரத்தில் மாதா கோயிலும் கிடையாது. தனியாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாட்களில் மத்தியானத்துக்கு மேல்தான், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

மாசியில் என் வீட்டுக்கு எதிரே இருந்த காட்டில் ஆட்டுப்பட்டி போட்டார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் நாலைந்து நாள் ஆடுகளை அடைத்து வைப்பார்கள். புழுக்கை நிலத்துக்கு எரு. பிறகு பட்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பட்டிக்காரர் கன்னடம் பேசுகிறவர், தமிழும் நன்றாக வரும். ஒருநாள் காலையில் அவர் தோளில் எதையோ சுமந்துகொண்டு வந்தார். ஆட்டுக்குட்டி என்று நினைத்தேன். கிட்டே வந்த பிறகுதான் பார்த்தேன், நாய். வலது முன்காலிலிருந்து ரத்தம் அவர் சட்டையில் வழிந்திருந்தது.

"வெங்கச்சங்கல்லு கிழிச்சுப்புடுச்சுங்க. ஒரு கட்டுப் போட்டு விடுங்க, நர்சம்மா."

"நான் மனுஷங்களுக்குத்தாங்க வைத்தியம் பாக்கறேன்."

"புண்ணு புண்ணுதானுங்களே" என்று சொல்லி அதை இறக்கி வைத்துவிட்டார்.

உள்ளங்காலின் பெரிய மெத்தை பாதிக்கு மேல் பிளந்து தொங்கியது. பெர்மாங்கனேட் கலந்த தண்ணீரில் கழுவி, இடுக்கியால் மண்ணையும் கல்துகளையும் எடுத்தேன். அவர் அதன் வாயைப் பிடித்துக்கொண்டார். அது கடிக்க வரவில்லை. உடம்பு மட்டும் நடுங்கியது. சர்க்கார் துணியை நாய்க்குக் கட்ட மனம் வராமல், என் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்துக் கட்டினேன்.

மறுநாள் பட்டி கிளம்ப வேண்டும், மேட்டூர் அணைத் தண்ணீர் வடிந்த கரையில் புல் இருக்கிறது என்றார். "ஒன்றர மாசத்துல இதே வழியாத்தான் திரும்பறோமுங்க. அதுவரைக்கும் இங்கயே கெடக்கட்டுமுங்களா? அதுக்குத் தமிழு வராதுங்க. கூப்பிடணுமின்னா 'பா'ன்னு சொல்லுங்க. போகச் சொல்லணுமின்னா 'ஹோகு'. அது போதுமுங்க."

பட்டி போன பிறகு இரண்டு நாள் அது மேற்கே பார்த்து ஊளையிட்டது. சோறு போட்டேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ராகிக் களி கிண்டிப் போட்டதும் தின்றது. இரண்டு சமையல் எதற்கென்று நானும் களிக்கே மாறினேன். சாயங்காலம்தோறும் பழைய கட்டை அவிழ்த்து, கழுவி, வேப்பெண்ணெய் தடவிப் புதுக் கட்டுப் போடுவேன். ஒரு வாரத்தில் அதற்குப் பழகிவிட்டது. நான் மருந்துத் தட்டோடு வந்து உட்கார்ந்தால் தானாகவே வந்து வலது காலைத் தூக்கி என் மடியில் வைக்கும்.

கட்டுப் போட்டுக்கொண்டே அதனிடம் பேசுவேன். இன்றைக்கு யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்த மாமியார் என்னை முறைத்தாள், வீட்டிலிருந்து கடிதம் வந்து எத்தனை நாளாயிற்று, எல்லாம். எனக்குக் கன்னடம் தெரியாது, அதற்குத் தமிழ் தெரியாது, அதனால் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. பக்கத்திலேயே படுத்திருந்தாலும் 'பா' என்பேன். அது தலையைத் தூக்கிப் பார்க்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

இருபது நாளில் புண் ஆறிவிட்டது. இனிக் கட்டு வேண்டாம், காற்றுப் பட்டு, மண்ணில் நடந்து மெத்தை இறுக வேண்டும். இது தெரியாத நர்சு உண்டா? அவிழ்த்து விட்டேன். அது வேலி வரைக்கும் போனது. பட்டி போன தடத்தை முகர்ந்தது. பிறகு நாலு காலையும் ஊன்றி மேற்கே நடக்க ஆரம்பித்தது. "பா, பா" என்று கத்தினேன். திரும்பி வந்தது. வந்ததும் உட்கார வைத்து அந்தக் காலில் மறுபடி கட்டுப் போட்டேன். மண் படக்கூடாது என்று கட்டின் மேல் ஒரு துண்டு சைக்கிள் டியூபையும் சுற்றி இறுக்கினேன். இன்னும் சரியாக ஆறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டு இருந்தால் அது நொண்டும். நொண்டினால் வேலியைத் தாண்டாது. அதன் பிறகு தினமும் அவிழ்ப்பதையும் விட்டுவிட்டேன். ஆறின காலைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் பட்டி திரும்பியது. மணிச் சத்தம் கேட்டதுமே நாய் மூன்று காலில் குதித்து ஓடியது. பட்டிக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, என் முன்னால் உட்கார்ந்து டியூபை அவிழ்த்தார். நாற்றம் அடித்தது. மெத்தை வெளுத்து, ஊறி, தொட்டால் உரிகிற மாதிரி இருந்தது. அவர் கட்டைவிரலால் அழுத்த, அது காலை இழுத்துக்கொண்டது.

"புண்ணு எப்பவோ ஆறிப் போச்சுங்க. கட்டுக்குள்ள கெடந்துதான் இப்புடி வெந்து போயிருக்குது."

அவர் மேல் கோபப்படலாமா என்று பார்த்தேன். கோபம் வரவில்லை. "நான்தாங்க அவுக்கல. அவுத்தா போயிருமின்னு" என்றேன்.

அவர் நாயை மெல்ல இறக்கி விட்டார். பிறகு, "உங்களுக்கு இங்க பேச்சுத் தொணைக்கு ஆருமில்லீங்களா?" என்று கேட்டார்.

அந்த ஊருக்கு வந்த இரண்டு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. முன்பின் தெரியாத மனிதர் முன்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"நீங்களே வெச்சுக்கங்க" என்றார் அவர்.

நாய் அதற்குள் நொண்டிக்கொண்டே போய் ஆடுகளுக்கு நடுவில் படுத்துவிட்டது. ஒரு கிழட்டு ஆட்டின் விலாவில் மூக்கை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. என் வீட்டில் ஒருநாள்கூட அது அப்படிப் படுத்ததில்லை.

"வேண்டாமுங்க. கூட்டிட்டுப் போயிருங்க" என்றேன்.

பட்டி மூன்று நாள் இருந்தது. தினமும் போய் அதன் காலை வெயிலில் காட்டி உலர்த்தினேன். அதற்குள் மெத்தை எப்படி இறுகும்? நாலாம் நாள் காலையில் பட்டிக்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் செய்த காரியத்துக்கு அவர் சுமந்தார். நாய் அவர் முதுகுக்கு மேலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

அடுத்த மாசியிலும் அதே காட்டில் பட்டி போட்டார்கள். கிளம்புகிற அன்று காலையில் நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நாய் நாலு காலில் ஓடி வந்தது. எதிரே உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தது.

காலைத் திருப்பிப் பார்த்தேன். மெத்தை கறுத்து, சொரசொரப்பாக, செருப்புத் தோல் போல இறுகியிருந்தது. கிழிந்த இடத்தில் மெல்லிய கோடு மட்டும். நான் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஆடுகள் நகர ஆரம்பித்தன. பட்டிக்காரர் சீழ்க்கை அடித்தார். நாய் அந்தப் பக்கம் காதைத் திருப்பியது, காலை மட்டும் எடுக்கவில்லை.

அவர் சொல்லித் தந்த இரண்டாவது வார்த்தையை நான் அதுவரை அதனிடம் சொன்னதே இல்லை.

"ஹோகு" என்றேன்.

அது போகவில்லை. என் குரல் அதற்குக் கேட்டிருக்காது. மடியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.