நாலாவது கதவில் ஒரு மீன்

அந்த ஜப்பான் பாணி உணவகத்தின் நாலாவது கதவில் பேய் இருக்கிறதென்று தெரு முழுக்கப் பேச்சு. வெயில் ஏறினால் தாளுக்குள் ஏதோ நெளிகிறதாம். விசாரித்துப் பார்த்ததில் பேய் இல்லை, மீன். நீளம் இரண்டு அங்குலம். அதை வெட்டி ஒட்டியவள்தான் இப்போது இல்லை.

கதவுகளைச் செய்த தச்சருக்கு ஜப்பானைப் பற்றித் தெரிந்ததெல்லாம் முதலாளியம்மா காட்டிய ஒரே ஒரு போட்டோ. இழுவைக் கதவு, மெல்லிய சட்டத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள், பின்னால் வெள்ளைத் தாள். முழுத் தாளாக ஒரே வீச்சில் ஒட்டவேண்டும் என்று போட்டோ வாய் திறந்து சொல்லவில்லை. அவரும் மனைவியும் கட்டத்துக்கு ஒன்றாக வெட்டி ஒட்டினார்கள். கதவுக்கு நாற்பது கட்டம், நாலு கதவு.

"ஏங்க, ஜப்பான்காரன் பொண்டாட்டியும் இப்படித்தான் இடுப்பொடிய உக்காந்திருப்பாளா?"

"அவ பேசாம ஒட்டுவா."

அந்தக் கோபத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டாள். கடைசிக் கதவில் விரல் தாளைப் பொத்துக்கொண்டு போனது. ஓட்டையை மறைக்க மீன் மாதிரி ஒரு துண்டை வெட்டி ஒட்டினாள். "யாருக்குத் தெரியப்போவுது?" பின்னால் வெளிச்சம் வந்தால் இரட்டைத் தாள் நிழலாகத் தெரியும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

கதவு மாட்டிய மறுமாதம் அவளுக்கு ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

வருஷம் திரும்பியது. தாள் பழுப்பேறியது. "எல்லாத்தையும் உரிச்சுட்டு, இந்தத் தடவையாவது முழுத் தாளா ஒட்டிடுங்கண்ணே" என்றார் முதலாளியம்மா. மூன்று கதவுகள் அரை நாளில் முடிந்தன. நாலாவதில் மட்டும் தச்சர் தெரிந்தே பழைய தப்பைச் செய்தார். ஒவ்வொரு கட்டமாக நனைத்து, உரித்து, வெட்டி, ஒட்டினார். எதிரே கத்தரி பிடிக்க ஆளில்லை. இரண்டு நாள் இழுத்தது.

"ஒரு கட்டம் விட்டுப்போச்சேண்ணே. மீன் வேற அப்படியே இருக்கு."

"பாக்கிதாம்மா. அடுத்த வாரம் வந்து முடிச்சுத் தரேன்."

அந்த அடுத்த வாரத்துக்கு ஏழு மாதம் ஆகிறது. மாதம் தவறாமல் தாளோடு வருகிறார். வெயில் ஏறும்வரை கதவெதிரே உட்காருகிறார். பிறகு தாளைக் கட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கிறார்.

"ஒரு நூல் கம்மியா இருக்கும்மா."

"முப்பது வருஷமா அளவெடுக்கிற கை, இதுல மட்டும் எப்படிண்ணே தப்புது?"

தச்சர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.

"அடுத்த வாரம்மா."